தாமாகத் தெரிவித்தது

அக்கா,

போன புதன்கிழமை கிருஷ்ணகிரியில் ஒரு கூட்டம். முடிந்து கிளம்பும்போது வந்தவர்கள் கையிலெல்லாம் ஆளுக்கொரு ரோஜாக் கொத்தைத் திணித்தார்கள். வீட்டுக்கு வந்து மேல்தாளைப் பிரித்தேன். பூத்தலைகளைச் சுற்றி நெளிநெளியான அட்டை. தண்டின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு இலையும் முள்ளும் உருவியிருந்தது. ரப்பர் பேண்டு இரண்டு, ஒன்று அடியில், ஒன்று நடுவில். எண்ணிப் பார்த்தேன், இருபது. முகர்ந்தும் பார்த்தேன். "வாசனையே இல்லாத பூவுக்கு இவ்ளோ அடிதடியா மேடம்?" என்று நீங்கள் கேட்டது காதில் விழுந்தது. கொத்தை மேசைமேல் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சமைக்கவில்லை.

கூட்டம் எதற்கு என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிறையிலிருந்து விடுதலையாகி வருகிறவர்களை வாரத்துக்கு மூன்று தடவை வீடு தேடிப் போய்க் கண்காணிக்கும் திட்டத்துக்கு மறுபடியும் அரசுப் பணம் கொடுக்கலாமா, வேண்டாமா என்று பேசினார்கள். அந்தக் காலத்தில் அந்த வேலையைப் பார்த்த ஆள் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று ஒருவர் கேட்க, என்னைக் கை காட்டினார்கள். ஒரு பக்கத்துக்குக் கருத்து எழுதித் தர வேண்டுமாம். வெள்ளைத் தாளோடு உட்கார்ந்தால் கருத்து எங்கே வருகிறது, நீங்கள்தான் வருகிறீர்கள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நான் ஒரு தடவைகூட இதை மென்று முழுங்காமல் வரிசையாகச் சொன்னதில்லை.

கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகிச் சில வருடங்களே ஆகியிருந்தன. சோதனை முறையில் ஒரு வருடத்துக்கு என்று பணம் வந்தது. என்னை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். இருபத்தாறு வயது, ஒரு பழைய மொபெட், தோளில் ரெக்சின் பை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூர் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த அப்பா, முதுகு போய் வீட்டில் உட்கார்ந்திருந்தார். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. எனக்கு ஒதுக்கியவர்கள் எட்டுப் பேர். அதில் பெண் நீங்கள் ஒருத்தர்தான்.

உங்கள் ஃபைலைப் படித்துவிட்டுத்தான் வந்தேன். சொந்த ஊர் நாட்றாம்பாளையம். கணவர் இறந்த வழக்கு. ஆயுள் தண்டனை, நன்னடத்தைக்காகச் சில நிபந்தனைகளோடு முன்விடுதலை. அந்த வழக்கைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு தடவைதான் பேசினீர்கள். "அடி தாங்கல மேடம். கையில கொடுவா இருந்துச்சு." அவ்வளவுதான். நானும் அதற்குமேல் கேட்டதில்லை. நிபந்தனைகளில் ஒன்று, அனுமதி இல்லாமல் மாநில எல்லையைத் தாண்டக் கூடாது. அதை எழுதியவர் ஓசூரைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். இங்கே பாதிப் பேர் கர்நாடகத்து அத்திப்பள்ளிக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு வருகிறவர்கள். எல்லை எங்கே இருக்கிறது என்று லாரிக்காரர்களைக் கேட்டால்தான் தெரியும்.

முதல் நாள் ஓசூரில் உங்கள் லைன் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து உரக்க, "இருக்கேங்க!" என்று குரல் வந்தது. கதவைத் திறந்து, இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி, தலையைக் குனிந்து நின்றீர்கள். சிறைக்குள் ஆள் எண்ணும்போது அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் என்று பிறகுதான் புரிந்தது. பால்காரர் தட்டினாலும் "இருக்கேங்க". வாடகைக்கு வீட்டுக்கார அம்மா தட்டினாலும் "இருக்கேங்க". அந்த அம்மாவுக்கு உங்கள் கதை தெரியாது. நான் உங்களுக்குத் தூரத்துச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். "ஏன்ம்மா, நான் வாடகைக்கு வந்தா உங்க அக்கா ஸ்கூல் புள்ள மாதிரி ஆஜர் குடுக்குது?" என்று தன் கன்னடத் தமிழில் என்னிடம் கேட்டார்.

"அக்கா, ஜெயிலுக்கு வெளிய இருக்கவுக 'யாரு'ன்னுதான் கேப்பாக. தட்டுறவுகதான் பதில் சொல்லணும். நீங்க எதுக்குச் சொல்றீக?" என்றேன். நீங்கள் பதிலுக்கு, "உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் வாரீக போறீகன்னு பாட்டாவே பேசுவாங்களா?" என்று என் பேச்சைக் கிண்டல் செய்தீர்கள். நாலு மாதம் ஆனது. மழைக்கால ஞாயிறு ஒன்றில் கதவைத் தட்டினேன். பிறகு உள்ளேயிருந்து, கொஞ்சம் அதட்டலாகவே, "யாரு?" நான் வாசலிலேயே நின்று கை தட்டினேன். நீங்கள் கதவைத் திறந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். தமிழிலும் கன்னடத்திலும் யாரு யாருதான் என்பதால் வீட்டுக்கார அம்மாவும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்குப் படிவத்தில், "குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை" என்று எழுதினேன். அந்தச் சிரிப்பை எழுத அதில் கட்டம் இல்லை.

வேறு இரண்டு கட்டங்கள் இருந்தன. நிபந்தனை மீறல் என்ற தலைப்புக்குக் கீழே, ஒன்று "தாமாகத் தெரிவித்தது", இன்னொன்று "கண்டறியப்பட்டது". முதல் கட்டம் என்றால் ஓர் எச்சரிக்கை, அதோடு சரி. இரண்டாவது என்றால் மேலே போகும், விசாரணை வரும். முதல் வாரமே இதை உங்களுக்கு விளக்கியவள் நான்தான். "எதுன்னாலும் நீங்களே எங்கிட்டச் சொல்லிருங்கக்கா. சொன்னா ஒண்ணும் ஆகாது" என்றேன். நீங்கள் தலையாட்டினீர்கள். "உள்ள தெனம் ரெண்டு வேள எண்ணுவாங்க மேடம். வெளிய வந்தா நம்மள எண்ண ஒரு நாதி இல்ல. நீங்க வந்து எண்ணிட்டுப் போறீங்க. உங்ககிட்ட மறைக்க என்னா இருக்குது?" என்றீர்கள்.

பூ கம்பெனியில் உங்களுக்கு வேலை கிடைத்ததும் நம் இரண்டு பேருக்குமே தலைகால் புரியவில்லை. பிளாஸ்டிக் கூரை போட்ட பெரிய கொட்டகைகளில் ரோஜா வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி. தண்டின் நீளம் பார்த்துப் பிரித்து, இருபது இருபதாகக் கட்டும் வேலை. அங்கே உங்கள் கதை யாருக்கும் தெரியாது. நான் வேலையிடத்துக்கும் வந்து பார்க்க வேண்டும் என்பது விதி, அதனால் இன்சூரன்ஸ் பிடிக்கும் பெண் என்று வந்தேன். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதையாகிவிட்டது. உங்களோடு பூக்கட்டும் பெண்கள் மூன்று பேர் நிஜமாகவே பாலிசி கேட்டுத் துரத்தினார்கள். நீங்கள் அட்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கியதை நான் பார்த்தேன்.

முதல் சம்பளத்தில் ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கினீர்கள். உங்களிடம் ஒரு தட்டு ஏற்கெனவே இருந்தது. இது மகளுக்கு. நீங்கள் உள்ளே போகும்போது அவளுக்கு ஐந்து வயது. அஞ்செட்டிப் பக்கம் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிந்து மே மாதம் உங்களோடு வந்து இருப்பதாகக் கடிதம் போட்டிருந்தாள். பாத்திரக்கடையில் தட்டின் விளிம்பில் அவள் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டித் தந்திருந்தார்கள். சிறையில் படித்த எழுத்துகளை வைத்துக்கொண்டு, விரலால் தடவித் தடவி, பெயரைச் சரிபார்த்தீர்கள். "தப்பில்லாம வெட்டிருக்கான் மேடம்" என்றீர்கள். அந்தத் தட்டில் யாரும் சாப்பிடக் கூடாது என்று துணியில் சுற்றிப் பரணில் வைத்தீர்கள். எனக்குப் போண்டா கொடுத்ததுகூடப் பேப்பரில்தான்.

ஜனவரி கடைசியில் திட்டத்தைப் பரிசீலிக்கும் கூட்டம் நடந்தது. எட்டுப் பேரும் ஒழுங்காக இருக்கிறார்கள் என்று பெருமையாக அறிக்கை வைத்தேன். மேலிருந்து வந்த அதிகாரி புரட்டிப் பார்த்தார். "கண்டறியப்பட்டதுன்னு ஒண்ணுகூட இல்லியேம்மா? இவங்க யாரும் பாக்காமலே ஒழுங்கா இருப்பாங்க போல. பாம்பே வராத வீட்டுக்கு எதுக்கு அரசாங்கச் செலவுல கீரி?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மார்ச்சில் அடுத்த கூட்டம், அதில்தான் திட்டத்துக்கு இன்னொரு வருடம் பணம் உண்டா இல்லையா என்று முடிவாகும் என்று சொல்லி எழுந்தார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பாவின் முதுகுக்கட்டும் மருந்துச் சீட்டும்தான் கண்ணில் நின்றன.

பிப்ரவரி வந்தது. காதலர் தினம் என்று ஊரெல்லாம் ரோஜா கேட்கிற மாதம். நீங்கள் இரண்டு ஷிப்ட் பார்த்தீர்கள். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை நான் வந்து தட்டினேன். "யாரு?" என்றுகூடக் கேட்கவில்லை. கதவைத் திறந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்தீர்கள்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். பூ ஏத்திக்கிட்டு டெம்போ பெங்களூரு போச்சு. கூடப் போய்க் கட்டு பிரிச்சுக் கட்டுற பொண்ணுக்குக் காய்ச்சல். சூப்ரவைசரு என்னய ஏறச் சொன்னாரு. நானு முடியாதுன்னேன். ஏன் முடியாதுன்னாரு. என்னான்னு சொல்லுவேன்? செக்போஸ்ட் தாண்டக் கூடாத ஆளுன்னா, எதுக்குன்னு கேப்பாங்க இல்ல? ஏறிட்டேன். அத்திப்பள்ளி தாண்டும்போது கண்ண மூடிக்கிட்டேன். சாயங்காலமே திரும்பிட்டேன். உங்ககிட்டச் சொல்லாம சோறு எறங்கல."

"சொல்லிட்டீகல்ல, விடுங்க. ஒண்ணும் ஆகாது" என்றேன். நீங்கள் அன்றைக்கு எனக்குக் களி போட்டுக் கொடுத்தீர்கள். சாப்பிட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் படிவத்தை விரித்தேன். முதல் கட்டத்துக்கு நேரே பேனாவைக் கொண்டுபோனேன். பிறகு இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டேன். "கள ஆய்வின்போது கண்டறியப்பட்டது" என்று பக்கத்தில் எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் அக்கா, அதுவும் நீங்கள் போட்ட சோறு வயிற்றில் இருக்கும்போதே. திட்டம் நின்றால் மற்ற ஏழு பேர் கதவை யார் தட்டுவார்கள், எட்டில் ஒருத்தருக்கு ஒரு விசாரணை வந்தால் என்ன, கடிந்துகொண்டு விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இவ்வளவு தூரம் போகும் என்று தெரியாது என்றும் பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய்தான். போகலாம் என்று தெரியும். உங்களுக்கு அப்படிப் போகாது என்று நினைக்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

விசாரணை கிருஷ்ணகிரியில் நடந்தது. நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள், எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். விசாரணை அதிகாரி என் அறிக்கையை உரக்க வாசித்தார். "கள ஆய்வின்போது கண்டறியப்பட்டது" என்ற இடத்தில் நீங்கள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தீர்கள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. வழியில் தெரிந்த முகத்தைப் பார்த்து, அவர்தானா என்று யோசிப்போமே, அப்படி ஒரு பார்வை. "இது எப்படித் தெரிய வந்துச்சு? நீயா சொன்னியா?" என்று அதிகாரி கேட்டார். கேள்வி உங்களைப் பார்த்து. ஆனால் பதில் என்னிடம் இருந்தது. நான் ஃபைலைக் கட்டும் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"இல்லீங்கய்யா. மேடம்தான் கண்டுபுடிச்சாங்க" என்றீர்கள்.

அந்த ஒரு வாக்கியத்தில் உங்கள் விடுதலை போனது. எல்லை தாண்டினதோடு மறைக்கவும் செய்தார் என்று உத்தரவில் எழுதினார்கள். மூன்று வாரத்தில் போலீஸ் வண்டி உங்கள் லைன் வீட்டுக்கு வந்தது. மார்ச் கூட்டத்தில் திட்டத்துக்கு இன்னொரு வருடம் பணம் கிடைத்தது. தீவிரக் கண்காணிப்பு இருந்தால்தான் இப்படிப்பட்டவர்கள் சிக்குவார்கள் என்பதற்கு உங்களைத்தான் உதாரணமாகச் சொன்னார்கள். என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்கள். எழுந்து நின்று கும்பிட்டேன். என்ன ஜென்மமோ நான்.

மே மாதம் உங்கள் மகள் ஒரு பையோடு வந்திருக்கிறாள். கதவில் பூட்டு. வீட்டுக்கார அம்மாதான் சொல்லியிருக்கிறார். "உங்கம்மா கொலைக் கேசாமே? பெங்களூருக்கு ஓடப் பாத்துச்சாம், போலீஸ் புடிச்சுக்கிட்டுப் போச்சு." அந்த அம்மா மேல் தப்பில்லை. ஊரில் அப்படித்தான் பேச்சு. பெண் வாசல் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாளாம். நான் அடுத்த நாள்தான் அங்கே போனேன். உங்கள் சாமான்களை மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். அதிலிருந்து தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஜூனில் உங்களைப் பார்க்கச் சிறைக்கு வந்தேன். காவலர் உங்கள் பெயரைக் கூப்பிட்டார். கம்பி வலைக்கு அந்தப் பக்கமிருந்து, "இருக்கேங்க!" என்று குரல் வந்தது. நாலு மாதம் பாடுபட்டுப் பழகிய "யாரு" போய், பழையது திரும்பிவிட்டது. நீங்கள் வந்து நின்றீர்கள், கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீக? நீங்களாத்தான சொன்னீக எங்கிட்ட?" என்று அழுதேன். அழுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கவில்லை.

"நீங்க எழுதிட்டீங்க மேடம். நானு மாத்திச் சொன்னா உங்க வேல போயிரும். அப்புறம் மத்தவங்க கதவ யாரு தட்டுவாங்க?"

என் சாக்கு அது. நான் எனக்குள் சொல்லிக்கொண்ட அதே சாக்கு. உங்கள் வாயில் வந்தபோது மட்டும் அது உண்மையாக இருந்தது. கிளம்பும்போது, "எம்பொண்ணு வந்துச்சுன்னா அந்தத் தட்டக் குடுத்துருங்க. நானு ஓடலன்னு சொல்லுங்க" என்றீர்கள். அவள் மே மாதமே வந்து போனதைச் சொல்லாமல், சரி என்று தலையாட்டினேன். அடுத்த வருடம் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. மஞ்சள் காமாலையில் நீங்கள் இறந்துவிட்டதாகவும், உங்கள் கோப்பு முடிக்கப்பட்டதாகவும் இரண்டு வரி. அந்த வருடமே பணம் இல்லை என்று திட்டத்தையும் மூடிவிட்டார்கள். எனக்கு மட்டும் வேறு பிரிவில் வேலை நிரந்தரமானது. தெரியுமா அக்கா, அதற்கு நான் காட்டிய அனுபவச் சான்றில் அந்த மார்ச் மாதப் பாராட்டும் இருந்தது.

தட்டு இத்தனை வருடமும் என் பீரோவில் இருந்தது. உங்கள் மகள் போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள், கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறாள் என்பது எனக்கு எப்போதோ தெரியும். ஆள் இருக்கும் இடம் கண்டுபிடிப்பதுதானே என் தொழில். ஒரு தடவை ஊத்தங்கரை பஸ்ஸில் ஏறி, போச்சம்பள்ளி நிறுத்தத்தில் இறங்காமல் சீட்டைப் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

கருத்தை எழுதிவிட்டேன். பணம் கொடுங்கள் என்றுதான் எழுதினேன். வெளியே வருகிறவர் கதவை யாராவது தட்டத்தான் வேண்டும், அதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கத்தான் வேண்டும். ஆனால் எத்தனை பேரைப் பிடித்தாய் என்று கேட்டுப் பணம் கொடுக்காதீர்கள், கேட்டால் என்னைப் போல் ஒருத்தி யாரையாவது கொண்டுவந்து கொடுப்பாள் என்று எழுதினேன். அதற்குக் கீழே உங்கள் கோப்பு எண்ணைப் போட்டு, அந்தப் பிப்ரவரி மாதப் பதிவு தவறு, அவர் தாமாகத் தெரிவித்தார், நான் மாற்றி எழுதினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்மேல் என்ன நடவடிக்கை வருமோ வரட்டும். கோப்பில் திருத்தியது கோப்போடு போகும். நீங்கள் மகளிடம் சொல்லச் சொன்னது வேறு.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. தட்டைப் பையில் வைத்துக்கொண்டு போச்சம்பள்ளியில் இறங்கினேன். ஓடு போட்ட சின்ன வீடு. கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து, "யாரு?" என்று கேட்டாள். உங்கள் குரல் அக்கா, அந்த அதட்டல்கூட அப்படியே.

யார் என்று சொன்னேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டெம்போ, காய்ச்சல், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டது, என் பேனா, நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தது. கடைசியில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப எங்கம்மா ஓடலியா?"

"ஓடல. அவுகளே வந்து சொன்னாக."

தட்டை நீட்டினேன். வாங்கினாள். விளிம்பைத் தடவி, தன் பெயர் வந்த இடத்தில் விரலை நிறுத்தினாள். அப்புறம் உள்ளே போனாள். என்னை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. கதவு திறந்தே கிடந்தது. பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

உங்கள் மகள் "யாரு"ன்னுதான் கேட்கிறாள் அக்கா. அவளுக்கு அது தானாக வருகிறது. இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இன்று காலை என் வீட்டுக் கதவைப் பால்காரர் தட்டினார். நான் அடுப்படியிலிருந்து, "இருக்கேங்க" என்றேன்.